மின்தூண்டல் இருக்கும்வரை நடை: முழுத் தண்டுவடக் காயத்துக்குப் பின் 331 காலடிகள்

மார்பின் நடுப்பகுதிக்குக் கீழே அசைவும் உணர்வும் முழுதாகப் போய்விட்ட ஓர் இளைஞர், விபத்து நடந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, தண்டுவடத்துக்கு மின்தூண்டல் கிடைக்கும்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு இரு கால்களையும் மாற்றி மாற்றி எடுத்து வைத்து நடந்தார். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ராசெஸ்டர் நகரின் மேயோ கிளினிக்கில் 2016-இல் தொடங்கிய ஆய்வு இது. முதல் கட்ட விவரம் 2017 ஏப்ரலில் வெளியானது. நடையைப் பற்றிய அறிக்கை 2018 செப்டம்பரில் வந்தது. நான் எழுதுவது வெளியான இந்த விவரங்களை வைத்துத்தான். அவற்றின் மீதான கருத்துகள் என்னுடையவை.

செய்திகளில் இது கருவி வைத்தார்கள், நடந்துவிட்டார் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அப்படிப் படித்த குடும்பங்கள், அந்தக் கருவி எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர்கள் ஆசையில் தவறே இல்லை. ஆனால் கருவியைச் சுற்றி எடுக்கப்பட்ட முடிவுகள்தான் இந்த நடையைச் சாத்தியமாக்கின. அவற்றை வரிசையாகச் சொல்வதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

காயம்

விபத்து 2013-இல் நடந்தது. முதுகின் நடுப்பகுதியில், ஆறாவது மார்பு முதுகெலும்பின் மட்டத்தில் தண்டுவடம் நசுங்கியது. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால்களை அசைக்க முடியவில்லை, தொட்டால் தெரியவில்லை. தண்டுவடக் காயத்தை ஆங்கில எழுத்துகளால் 'ஏ' (A) முதல் 'இ' (E) வரை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள். இவருடையது 'ஏ', அதாவது முழுக் காயம். ஆசனவாய்ப் பகுதியில்கூட உணர்வோ தசை இறுக்கமோ இல்லை என்றால்தான் இந்த நிலையைக் கொடுப்பார்கள்.

காயம் பட்ட முதல் சில மாதங்களில் கொஞ்சம் முன்னேற்றம் வருவது உண்டு. மூன்று வருடம் கழிந்த பிறகும் 'ஏ' நிலையிலேயே இருப்பவருக்குத் தானாக நடை திரும்பும் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். ஆய்வு தொடங்கியது அந்தக் கட்டத்தில்தான்.

அதற்கு முன் தெரிந்திருந்தவை

நடப்பதற்கான தாளத்தை ஒவ்வொரு காலடிக்கும் மூளை கணக்குப் போட்டு அனுப்புவதில்லை. 1911-இலேயே தாமஸ் கிரஹாம் பிரவுன் என்ற உடலியல் ஆய்வாளர், மூளையோடு தொடர்பு அறுந்த பூனையின் தண்டுவடமே மடக்குவதும் நீட்டுவதுமான தாளத்தை உண்டாக்கும் என்று காட்டியிருந்தார். மனிதரிடமும் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில், கொஞ்சம் பருத்திருக்கும் இடத்தில், கால்களுக்கான நரம்பு வலைப்பின்னல் இருக்கிறது. நடு முதுகில் அடிபட்டால் அந்த வலைப்பின்னல் பெரும்பாலும் சேதமில்லாமல்தான் இருக்கும். மேலிருந்து வரும் கட்டளை மட்டும் அதற்கு எட்டாது.

தண்டுவடத்துக்கு மின்சாரம் கொடுப்பதும் புதிதல்ல. தீராத வலிக்காக 1967 முதலே அப்படிச் செய்துவந்தார்கள். 1998-இல், முழுக் காயம் உள்ளவர்கள் படுத்திருக்கும்போது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியைத் தூண்டினால் கால்கள் நடப்பதுபோல மாறி மாறி அசைகின்றன என்று பதிவானது. 2011-இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் பல்கலைக்கழகக் குழு, தூண்டலின் உதவியால் ஒருவர் எழுந்து நின்றதையும், சில அசைவுகளைத் தன் விருப்பப்படி செய்ததையும் அறிவித்தது. 2014-இல் அதே குழு இன்னும் மூவரிடம் இதைப் பார்த்தது. படுத்த நிலையில் காலை அசைப்பது, நிற்பது, இதுவரை வந்திருந்தது. தரையில் நடை வரவில்லை.

மேயோ குழு முதலில் லூயிவில் முடிவை இன்னொரு இடத்திலும் திரும்பக் காட்ட முடியுமா என்று பார்க்கத்தான் நினைத்தது. அப்புறம்தான் அதற்கு மேலே போனது. ஒரே மருத்துவமனையில் ஒரே குழுவிடம் வரும் முடிவை நம்பி யாருடைய முதுகையும் திறக்கக் கூடாது என்பதால், திரும்பச் செய்து பார்த்த அந்தப் பகுதியையும் நான் பெரிய விஷயமாகவே பார்க்கிறேன்.

முதல் முடிவு: கருவிக்கு முன் 22 வாரப் பயிற்சி

உடனே அறுவை சிகிச்சை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று முறை வீதம் 22 வாரங்கள் பிசியோதெரபி. மூன்று வருடம் எடை தாங்காத காலின் தசைகள் மெலிந்திருக்கும், மூட்டுகள் இறுகியிருக்கும். நிற்பதற்கும் எட்டு வைப்பதற்கும் உடலைத் தயார் செய்வது ஒரு நோக்கம். இடையிடையே அளவீடுகளும் எடுத்தார்கள்.

என் பார்வையில் இந்த முழு நிகழ்விலும் மிக முக்கியமான முடிவு இதுதான். கருவியையும் கடும் பயிற்சியையும் ஒரே நாளில் தொடங்கியிருந்தால், பின்னால் வந்த அசைவு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 22 வாரப் பயிற்சியில் கால்களுக்குச் சுய அசைவு வரவில்லை என்பது பதிவாகிவிட்டதால், அடுத்து நடந்ததற்குக் காரணம் காட்ட முடிந்தது. நோயாளிக்கு இது பொறுமையைச் சோதிக்கும் காலம். ஒன்றும் நடக்கப்போவதில்லை என்று தெரிந்தும் வாரம் மூன்று முறை போய் வந்தவருக்கு இந்த ஆராய்ச்சி கடன்பட்டிருக்கிறது.

அந்த அளவீடுகளில் இன்னொன்றும் தெரிந்தது. பரிசோதனை மேசையில் முழுக் காயமாகத் தெரிந்தாலும், காயத்தின் ஊடே சில நரம்பு இழைகள் செயலற்று மிஞ்சியிருக்கலாம் என்பதற்கான தடயங்கள் கிடைத்தன. இறந்தவர்களின் தண்டுவடத்தை ஆராய்ந்த பழைய ஆய்வுகளும், முழுக் காயம் என்று முத்திரை குத்தப்பட்ட பலரிடம் இப்படிச் சில இழைகள் தொடர்ந்து இருந்ததைக் காட்டியிருக்கின்றன. 'ஏ' என்பது கையாலும் ஊசியாலும் தொட்டுப் பார்த்துக் கொடுக்கும் எழுத்து. உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை அது முழுதாகச் சொல்லாது.

அறுவை சிகிச்சை

பயன்படுத்தியது வலிக்காக ஏற்கெனவே சந்தையில் இருந்த கருவி. வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் தனியாக அனுமதி வாங்கினார்கள். பதினாறு மின்முனைகள் பதித்த மெல்லிய பட்டை ஒன்றை, காயத்துக்குக் கீழே, தண்டுவடத்தின் வெளியுறைக்கு மேலே எபிடியூரல் இடைவெளியில் வைத்தார்கள். பிரசவ வலி தெரியாமல் இருக்க மருந்து செலுத்துவதும் இதே இடைவெளியில்தான். தண்டுவடத்தை எதுவும் துளைக்கவில்லை. துடிப்புகளை உண்டாக்கும் பேட்டரிப் பெட்டி வயிற்றுத் தோலுக்கு அடியில் போனது. வெளியே இருந்து கம்பியில்லாமல் அதன் அமைப்புகளை மாற்றலாம்.

பட்டை சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை அறுவை சிகிச்சையின்போதே சோதிப்பார்கள். சிறு மின்துடிப்பு கொடுத்து, இடுப்பு, தொடை, கெண்டைக்கால் என எந்தத் தசை பதில் சொல்கிறது என்று பார்ப்பார்கள். சில மில்லிமீட்டர் விலகினாலும், தண்டுவடத்தோடு இணையும் வேறு வேர் நரம்புகள் தூண்டப்படும். அப்புறம் வெளியிலிருந்து எத்தனை அமைப்புகளை மாற்றினாலும் அதை முழுதாகச் சரிக்கட்ட முடியாது.

முதல் இரண்டு வாரங்கள்

காயம் ஆற மூன்று வாரம் விட்டார்கள். பிறகு தூண்டலோடு பயிற்சி. முதல் இரண்டு வாரங்களிலேயே மூன்று விஷயங்கள் நடந்தன: பக்கவாட்டில் படுத்தபடி, நினைத்தபோது கால் தசைகளை இயக்கினார், படுத்த நிலையிலும், எடையில் ஒரு பகுதியைத் தாங்கிப் பிடித்த நிலையிலும் எட்டு வைப்பது போன்ற அசைவுகளைச் செய்தார், பக்கக் கம்பிகளில் கையை வைத்துச் சமநிலை பார்த்துக்கொண்டு தானாக நின்றார்.

22 வாரம் வராதது இரண்டு வாரத்தில் வந்தது. மின்சாரம் காலை இழுத்து அசைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது முக்கியமாக, தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் செய்தி கொண்டுவரும் தடித்த உணர்வு நரம்புகளைத் தூண்டுகிறது. அவை வழியாகத் தண்டுவட வலைப்பின்னல் விழிப்பான நிலைக்கு வருகிறது. அந்த நிலையில், மேலிருந்து மிஞ்சிய இழைகள் வழியாகக் கசிந்து வரும் மெல்லிய கட்டளைகூட அதற்குப் போதுமானதாகிறது. அசைக்க வேண்டும் என்று அவர் நினைக்க வேண்டியிருந்தது. நினைக்காதபோது அந்தக் கால் அந்த வேலையைச் செய்யவில்லை.

43 வாரங்கள்

நிற்பதிலிருந்து நடப்பதற்குப் போக 43 வாரங்கள் ஆனது. 113 பயிற்சி அமர்வுகள்.

தொடக்கத்தில் விழாமலிருக்கவும் மேலுடம்பு நிலைகுலையாமலிருக்கவும் மேலே கட்டித் தொங்கவிட்ட தாங்கு பட்டைக்குள் நின்றார். முழங்கால் பக்கத்திலும் இடுப்புப் பக்கத்திலும் பயிற்சியாளர்கள். எழுந்து நிற்க, காலை முன்னே வீச, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்ற என எல்லாவற்றிலும் அவர்கள் கை இருந்தது.

கால் அசையத் தொடங்கியபோதும் உணர்வு திரும்பவில்லை. அதனால் என்ன சிக்கல் என்றால், தன் கால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பாதம் தரையைத் தொட்டதா, முழங்கால் பூட்டிக்கொண்டதா, எடை இடது பக்கம் போய்விட்டதா, எதுவும் தெரியாது. நாம் இருட்டறையில்கூட நடந்துவிடுகிறோமே, அந்தத் தகவல் முழுதும் அவருக்கு இல்லை. அதற்கு எடுத்த முடிவு எளிமையானது: எதிரே கண்ணாடிகளை வைத்தார்கள். அவர் கண்ணாடியில் தன் கால்களைப் பார்த்தார். பயிற்சியாளர்கள் காலின் நிலையையும், அசைவையும், எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் வாயால் சொல்லிக்கொண்டே வந்தார்கள். தோலும் மூட்டும் சொல்ல வேண்டியதைக் கண்ணும் காதும் சொல்லின.

இந்தப் பகுதியைச் செய்திகள் கிட்டத்தட்ட விட்டேவிட்டன. எனக்கோ பதினாறு மின்முனைகளுக்குச் சமமான இடம் இதற்கும் உண்டு என்றே தோன்றுகிறது. ஒவ்வொரு எட்டையும் பார்த்து, கேட்டு, யோசித்து வைப்பது எவ்வளவு களைப்பான வேலை என்பதை நடக்கத் தெரிந்த நம்மால் முழுதாகக் கற்பனை செய்ய முடியாது.

தூண்டல் அமைப்பையும் ஒரே மாதிரி விட்டுவிடவில்லை. நிற்பதற்குச் சரியான அமைப்பு எட்டு வைப்பதற்குச் சரிவராது. நிற்கும்போது முழங்காலை நீட்டும் தசைகள் தொடர்ந்து இறுகியிருக்க வேண்டும். எட்டு வைக்கும்போது அதே தசைகள் உரிய நேரத்தில் தளர வேண்டும். எந்த மின்முனை, எவ்வளவு வலு, நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதைச் செய்யும் வேலைக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது.

25-ஆவது வாரத்தில் தாங்கு பட்டை தேவைப்படவில்லை. பயிற்சியாளர்களின் உதவியும் எப்போதாவதுதான். கடைசிக் கட்டத்தில் உடல் முழுவதையும் பயன்படுத்தி எடையை மாற்றவும், சமநிலை பிடிக்கவும், முன்னே நகரவும் கற்றிருந்தார். கண்ணாடி போய், அவ்வப்போது குனிந்து காலைப் பார்ப்பது மட்டும் இருந்தது.

விளைவு

டிரெட்மில்லில், யாரும் காலைப் பிடிக்காமல், எடையைத் தாங்கும் அமைப்பும் இல்லாமல், இரு கால்களாலும் எட்டு வைத்தார். தரையில், முன்சக்கர வாக்கருடன், இடுப்பருகே ஒருவர் சமநிலைக்காகக் கை கொடுக்க நடந்தார். அதிகபட்சமாக எட்டியது 331 காலடிகள், 102 மீட்டர், நடந்த நேரம் 16 நிமிடம்.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு காலடிக்குச் சராசரி 31 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சாலையைக் கடக்கும் வேகம் இல்லை இது. தூண்டலை நிறுத்தினால் கால்கள் பழைய நிலைக்கே போய்விட்டன. உணர்வு கடைசிவரை திரும்பவில்லை. பாதுகாப்புக் கருதி ஆய்வுக் குழுவினர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே நடக்கலாம் என்று வைத்திருந்தார்கள்.

அதனால் இது தோல்வி என்று சொல்ல வரவில்லை. கால்களில் அசைவும் உணர்வும் முழுதாகப் போன ஒருவர், தூண்டலும் பயிற்சியும் சேர்ந்த உதவியால் தானாக எட்டு வைத்ததாக வந்த முதல் அறிக்கை என்று குழு சொன்னது. முடியாது என்றிருந்த ஒன்று, இவ்வளவு முடியும் என்றானது. அந்த 'இவ்வளவு' எவ்வளவு என்பதைக் குறைக்காமலும் கூட்டாமலும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அதே மாதத்தில் லூயிவில்

2018 செப்டம்பரிலேயே லூயிவில் குழுவும் நான்கு பேரின் முடிவுகளை வெளியிட்டது. நால்வருமே கால்களை அசைக்க முடியாதவர்கள். தூண்டலோடும் பயிற்சியோடும் நால்வரும் தானாக நின்றார்கள். தரையில் நடந்தது இருவர் மட்டும். ஒருவருக்கு 85 வாரங்களில் 278 அமர்வுகளும், மற்றவருக்கு 15 வாரங்களில் 81 அமர்வுகளும் ஆயின. தரையில் நடந்த இருவருக்கும் காயத்துக்குக் கீழே ஓரளவு உணர்வு மிஞ்சியிருந்தது. நால்வரில் ஒருவருக்குப் பயிற்சியின்போது இடுப்பு எலும்பு முறிந்தது.

எலும்பு முறிவு தற்செயல் அல்ல. எடை தாங்காத காலின் எலும்பு வருடக் கணக்கில் சுண்ணாம்புச் சத்தை இழந்து மெலிகிறது. வலி தெரியாதவருக்கு எலும்பு விரிசல் விடுவதும் தெரியாது. வீக்கமோ சூடோ பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேகம் ஏன் வரவில்லை

மேயோவிலும் லூயிவில்லிலும் கொடுத்தது இடைவிடாத தூண்டல். அதன் ஒரு சிக்கலை அதே ஆண்டின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் லோசான் குழு விளக்கியது. உணர்வு நரம்பில் செயற்கையாகத் தூண்டிய துடிப்பு இரு பக்கமும் ஓடுகிறது. தண்டுவடத்தை நோக்கி மட்டுமல்ல, காலை நோக்கியும். காலிலிருந்து மேலே வரும் இயல்பான துடிப்பு வழியில் அதோடு மோதி அழிந்துவிடுகிறது. இந்த முறையை முன்பு எலிகளிடமும் சோதித்திருந்தார்கள்; எலியில் நரம்பு குட்டை என்பதால் இந்த மோதல் குறைவு. மனிதனின் நரம்பு நீளம், அதனால் மோதலும் அதிகம். கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி தண்டுவடத்துக்கே சரியாகப் போய்ச் சேருவதில்லை. எலியில் அற்புதமாக வேலை செய்த முறை மனிதரிடம் மாதக்கணக்கில் பயிற்சி கேட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அவர்கள் கண்ட வழி, நடையின் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்தத் தசைக்குரிய இடத்தை மட்டும், அந்தந்த நேரத்தில் தூண்டுவது. கிரெகுவார் கூர்ட்டீன், ஜோசலீன் பிளாக் தலைமையிலான அந்தக் குழுவின் 2018 ஆய்வில், பகுதிக் காயம் உள்ள மூவர் ஒரு வாரத்துக்குள் தாங்கு அமைப்புடன் நடந்தார்கள். சில மாதங்களில் தூண்டல் இல்லாமலும் சில தசைகளை விருப்பப்படி அசைத்தார்கள். 2022-இல், காலுக்கும் நடு உடம்புக்கும் போகும் வேர் நரம்புகளைக் கணக்கிட்டு வடிவமைத்த அகலமான பட்டையை, முழு உணர்வு-இயக்க முடக்கம் உள்ள மூவருக்குப் பொருத்தினார்கள். தூண்டலைத் தொடங்கிய ஒரே நாளில் அவர்கள் தாங்கு அமைப்பில் எட்டு வைத்தார்கள். 2023-இல், காலை அசைக்கும் நோக்கத்தை மூளையிலிருந்து படித்துத் தண்டுவடத் தூண்டலோடு இணைக்கும் மின்னணுப் பாலத்தையும் ஒருவரிடம் செயல்படுத்திக் காட்டினார்கள்.

இன்று இதையே செய்தால் மாற்ற வேண்டியவை

கருவியில் முதல் மாற்றம் தெளிவானது. வலிக்காகச் செய்த குறுகிய பட்டை எல்லா வேர் நரம்புகளையும் எட்டாது. கால் தசைகளுக்கான பகுதி முழுவதையும் மூடும் பட்டையும், நடையின் கட்டத்துக்கேற்ப மாறும் தூண்டலும் வேண்டும். அறுவைக்கு முன் ஸ்கேனில் அந்த நபரின் தண்டுவட அமைப்பைப் பார்த்துப் பட்டையின் இடத்தைத் திட்டமிட முடியும்.

முதல் 22 வாரத்தை நான் விடமாட்டேன். நாள்கணக்கில் முடிவு தரும் முறைகள் வந்துவிட்டதால் இதைச் சுருக்கச் சொல்லும் அழுத்தம் வரும். ஆனால் தொடக்க நிலையைப் பதிவு செய்யாமல் கருவி வைத்தால், அடுத்தவருக்குச் சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது.

எலும்பு அடர்த்தியைச் சோதிக்காமல் யாரையும் எடை தாங்க வைக்கக் கூடாது. ஆறாவது மார்பு முதுகெலும்பு மட்டத்திலும் அதற்கு மேலும் காயம் உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சிறுநீர்ப்பை நிறைவது போன்ற சாதாரணக் காரணத்துக்கே ரத்த அழுத்தம் திடீரென எகிறும். மறுபக்கம், எழுந்து நின்றால் அழுத்தம் சரிந்து தலை சுற்றும். பயிற்சி அமர்வில் இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். இவற்றோடு, உள்ளே வைத்த கருவியில் தொற்று, பட்டை நகர்வது, பேட்டரி தீர்ந்து மறுபடி அறுவை என்பவற்றையும் சம்மதம் கேட்கும்போதே, மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

கடைசியாக, எதை அளக்கிறோம் என்பது. தண்டுவடக் காயம் உள்ளவர்களிடம் உங்களுக்கு முதலில் எது திரும்பி வர வேண்டும் என்று 2004-இல் வெளியான ஒரு கருத்தாய்வு கேட்டது. கால்கள் மட்டும் முடங்கியவர்களில் பாலுறவுச் செயல்பாடு என்றவர்களே அதிகம். சிறுநீர், மலக் கட்டுப்பாடும் மேல் வரிசையில் இருந்தது. நடை அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. காலடிகளை எண்ணும் அதே கவனத்தோடு இவற்றையும், உட்காரும்போது உடம்பு சாயாமல் நிற்கிறதா என்பதையும் தொடக்கத்திலிருந்தே அளந்து பதிவு செய்ய வேண்டும். என்னென்ன அளக்க வேண்டும் என்ற பட்டியலை எழுதும் அறையில், சக்கர நாற்காலியில் வாழ்பவர்கள் சிலராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.